நாணயம் விழுந்தால் எனக்கு லாபம். அதில் சந்தோஷப்படுவது தப்பா?

கேள்வி: எனக்கு 43 வயது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சம்பளம் டாலரில் வருகிறது. மனைவிக்கு உள்நாட்டு நிறுவனத்தில் வேலை. வீட்டுக் கடன் இன்னும் 20 வருடம் பாக்கி, மாறும் வட்டி. அப்பா, அம்மா தனியாக, ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். நாட்டின் பொருளாதாரம் சரியப் போகிறது என்று தினமும் ஏதாவது படிக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு திருப்தியும் வருகிறது. இவர்கள் ஆட்சி இப்படித்தான் முடியும் என்று பல வருடமாக அப்பாவிடம் வாதாடி வந்திருக்கிறேன். போதாக்குறைக்கு நாணயம் விழ விழ என் சம்பளம் ஏறுகிறது. பிறந்த நாடு கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிறேனா? கையில் இருப்பதையெல்லாம் டாலராக்கி விடலாமா? இல்லை, குடும்பத்தோடு கிளம்பிவிடுவதா?

பதில்: முதலில் அந்த லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் கூச்சத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் தொகை எதுவும் எழுதவில்லை. குடும்பத்தின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் டாலர் சம்பளம் 60, மனைவியின் சம்பளம் 40. செலவு 70: கடன் தவணை 25, மற்றவை 45. மாதம் 30 மிஞ்சுகிறது. பெற்றோருக்கு ஓய்வூதியம் 20, செலவும் 20; அவர்கள் உங்களிடம் கை நீட்டுவதில்லை.

இப்போது ஒரு கடுமையான சரிவைக் கற்பனை செய்யுங்கள். 200 கொடுத்து வாங்கிய டாலர் 350 ஆகிறது. விலைவாசி 60 சதவீதம் ஏறுகிறது. கடன் வட்டி 9 சதவீதத்திலிருந்து 16க்குப் போகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, இலங்கையில் 2022இல் நடந்தது ஏறக்குறைய இந்த அளவுதான். உங்கள் 60 இப்போது 105. மனைவியின் சம்பளம் அதே 40. மொத்தம் 145. பார்க்க ஜோராக இருக்கிறது. செலவுப் பக்கம் வாருங்கள். மற்றவை 45 என்றது 72 ஆகிறது. 20 வருடம் பாக்கியுள்ள கடனில் வட்டி 9லிருந்து 16 ஆனால் தவணை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போகும். 25 இருந்தது 39 ஆகும். பெற்றோரின் செலவு 32 ஆகும், ஓய்வூதியம் 20லேயே நிற்கும். அந்த 12 உங்கள் தலையில். மொத்தச் செலவு 123. மிச்சம் 22. அந்த 22க்கும் விலைவாசி ஏறிய பிறகு பழைய 14க்கு உள்ள மதிப்புதான். மாதம் 30 மிஞ்சிய குடும்பத்துக்கு இப்போது 14தான் மிஞ்சுகிறது. இதற்கிடையில் மனைவியின் நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் வரவு 105, செலவு 123. மாதா மாதம் 18 துண்டு விழும்.

சம்பளம் வந்த குறுஞ்செய்தியைப் பார்க்கும் நொடியில் வரும் சந்தோஷம் உண்மையானதுதான். ஆனால் அது வரவின் ஒரு வரியை மட்டும் பார்த்து வருகிற சந்தோஷம். நாட்டோடு உங்களுக்கு ஒன்றல்ல, ஐந்தாறு பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் சரிவில் லாபம் தரும். மற்றவை எல்லாம் எதிர்ப்பக்கம் இழுக்கும். மனசு ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே போதுமான காரணம். நாட்டுப்பற்று குறைந்துவிட்டதா என்று தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னொரு திருப்தி, "நான் அப்பவே சொன்னேனே" என்பது. இது பணக் கணக்கில் கரையாது. இதை நான் அறக்கேள்வியாகப் பார்ப்பதைவிட, பண முடிவுகளைக் கெடுக்கும் ஆபத்தாகவே பார்க்கிறேன். ஒரு கணிப்பின் மீது மானத்தைப் பந்தயம் கட்டியவர், அது பலிக்கிற செய்தியை மட்டும் பொறுக்கிப் படிப்பார். அப்படிப் படித்துவிட்டு எடுக்கும் முதலீட்டு முடிவு பெரும்பாலும் அளவு மீறியதாகவே இருக்கும். "எல்லாவற்றையும் டாலராக்கி விடலாமா" என்ற உங்கள் கேள்வியில் அந்த வாடை அடிக்கிறது.

ஆட்சியாளர்களுக்கு விழும் அடி என்று நினைத்துத்தான் மனசு குளிர்கிறது என்றால், அந்த அடி எங்கே போய் விழுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். இலங்கையில் ஆட்சி கவிழ்ந்தது, அதிபர் நாட்டை விட்டே வெளியேறினார்; அதை மறுக்க முடியாது. ஆனால் 2023இல் அரசு உள்நாட்டில் வாங்கியிருந்த கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுக்கால நிதிகளின் கைவசமிருந்த அரசுப் பத்திரங்களைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். கிரீஸில் 2008க்கும் 2013க்கும் இடையில் பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது, வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது, ஓய்வூதியங்கள் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. உங்கள் வழக்கில் அந்த இடத்தில் நிற்பவர், நீங்கள் வாதாடி வரும் அதே அப்பா.

செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. "சரியப் போகிறது" என்பது பாதி வாக்கியம். எதோடு ஒப்பிட்டு, எந்த அளவுகோலில், எத்தனை வருடத்தில் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பக்கத்து நாடு வருடம் 6 சதவீதமும் உங்கள் நாடு 2 சதவீதமும் வளர்ந்தால், உலகத் தரவரிசையில் நீங்கள் கீழே போய்க்கொண்டே இருப்பீர்கள். ஆனாலும் 35 வருடத்தில் உங்கள் நாட்டின் உற்பத்தி இரு மடங்காகும். ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. ஒரு தலைமுறைக் காலம் அது "சரிந்த நாடு". அந்தக் காலம் முழுக்க வேலையின்மை 6 சதவீதத்தைத் தொடவில்லை; ஆயுட்காலத்தில் உலகின் முன்வரிசையிலேயே இருந்தது. மறுபக்கம், 1991இல் இந்தியாவிடம் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. அன்று அந்த நாட்டின் கதை முடிந்தது என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள்.

எனவே செய்தியை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை நான்கு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் மத்திய வங்கி, நிதி அமைச்சகம் போன்ற அரசு அமைப்புகள் வெளியிடுபவைதான்; நான்காவதை மட்டும் வெளியே விசாரிக்க வேண்டும். அந்நியச் செலாவணி கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும்? 3 மாதத்துக்குக் கீழே போனால் கவனம். ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய வெளிக்கடனைவிடக் கையிருப்பு குறைவாக இருந்தால் அதைவிடக் கவனம். அரசு வருவாயில் எத்தனை சதவீதம் வட்டிக்கே போகிறது? இலங்கையில் 2021இல் இது 70ஐத் தாண்டியிருந்தது. பணவீக்கம் என்ன? 7 சதவீதம் என்றால் சேமிப்பின் வாங்கும் திறன் 10 வருடத்தில் பாதியாகும், 12 என்றால் 6 வருடத்தில். நான்காவது, வங்கி சொல்லும் டாலர் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. நான்கில் எனக்கு முக்கியமானது இதுதான். மற்ற மூன்றும் தாமதமாக வரும், சில சமயம் பூசி மெழுகியும் வரும். இந்த இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டி மாதக்கணக்கில் நீடித்தால், அதிகாரப்பூர்வ விலையை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு மாதமும் அந்த எண்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "அடுத்த 12 மாதத்தில் நாணயம் கால்வாசிக்கு மேல் விழும் வாய்ப்பு இத்தனை சதவீதம்." தேதியும் போடுங்கள். அதற்கும் கீழே, தனியாக, எது நடந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுங்கள். இரண்டு வரிகளும் மாதா மாதம் ஒன்றாகவே ஏறி இறங்கினால், நீங்கள் கணிக்கவில்லை, ஆசைப்படுகிறீர்கள். அந்த நிலையில் பெரிய தொகை எதையும் நகர்த்தாதீர்கள்.

இனி பணம். எல்லாவற்றையும் டாலராக்கலாமா என்றால், வேண்டாம். நாம் போட்ட கணக்குப்படி உங்கள் குடும்ப வருமானத்தில் 60 சதவீதம் ஏற்கெனவே டாலரில் இருக்கிறது. நாணயம் விழுவதற்கு எதிரான காப்பு உங்களிடம் மற்றவர்களைவிட அதிகம். ஓட்டை வேறு இடத்தில்: மாறும் வட்டிக் கடன், ஒரே உள்நாட்டுச் சம்பளம், பெற்றோரின் ஓய்வூதியம். டாலர் வாங்குவது உங்கள் பட்டியலில் கடைசி வேலை.

கடனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டித் தருகின்றன. அதை நம்பி இருக்காதீர்கள். 9 சதவீதத்தில் 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்குத் தவணை சுமார் 900. வட்டி 10.8 சதவீதத்தைத் தொட்டாலே அந்த 900 முழுக்க வட்டிக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் தவணை கட்டக் கட்ட அசல் வளரும். எத்தனை வருடம் நீட்டினாலும் தீராது. இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே நாளில் தன் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. இப்படிப்பட்ட நாளில் நிலையான வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி வங்கியில் போய் நிற்பதில் பயனில்லை. எண்கள் அமைதியாக இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: நிலையான வட்டி என்பது கடன் முடியும் வரையா, 3 அல்லது 5 வருடத்துக்கு மட்டுமா? மாற்றுவதற்குக் கட்டணம் எவ்வளவு? பகுதித் தொகையை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா, கட்டிய பிறகு தவணை குறையுமா காலம் குறையுமா? கடைசிக் கேள்விக்கு "தவணை குறையட்டும்" என்பதையே தேர்ந்தெடுங்கள். சாதாரண காலத்தில் காலத்தைக் குறைப்பதுதான் வட்டி மிச்சம். உங்களுக்கு இப்போது தேவை மாதச் சுமை இறங்குவது.

யாராவது "சம்பளம் டாலரில்தானே, கடனையும் டாலருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வட்டி கம்மி" என்பார்கள். 2008க்கு முன் ஹங்கேரியில் ஏராளமான குடும்பங்கள் குறைந்த வட்டிக்காக சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கின. உள்நாட்டு நாணயம் விழுந்ததும் தவணை எகிறியது. கடைசியில் 2014இல் சட்டம் போட்டு அக்கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் டாலர் வரவு ஒரே ஒரு முதலாளியின் கையில் இருக்கிறது. அந்த வேலை போய்விட்டால் நீங்களும் ஹங்கேரிக் குடும்பம்தான்.

அடுத்தது கையிருப்பு. 6 மாத அத்தியாவசியச் செலவு, உள்நாட்டு நாணயத்தில், இரண்டு வெவ்வேறு வங்கிகளில். ஒவ்வொன்றும் உங்கள் நாட்டின் வைப்புக் காப்பீட்டு வரம்புக்குள், அதாவது வங்கி மூழ்கினாலும் திரும்பக் கிடைக்கும் தொகைக்குள், இருக்கட்டும். சைப்ரஸில் 2013 மார்ச்சில் வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மூடிக் கிடந்தன. 1,00,000 யூரோ வரையிலான வைப்புகள் தப்பின. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் அந்நாட்டின் பெரிய வங்கியில் வரம்பைத் தாண்டிய தொகையில் 47.5 சதவீதம் இழந்தார்கள். கிரீஸில் 2015 கோடையில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. இரண்டு, மூன்று வாரச் செலவுக்கான ரொக்கத்தை வீட்டில் வைப்பது இதற்காகத்தான். அதற்கு மேல் வைத்தால் திருட்டும் பணவீக்கமும் தின்னும். பெற்றோர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் இரண்டு மாத இருப்பு எப்போதும் கையில் இருக்கட்டும், காலாவதித் தேதி பார்த்து. அந்நியச் செலாவணி வற்றும்போது இறக்குமதி மருந்தும் சேர்ந்து வற்றும். வீடு நிறைய வாங்கிப் பதுக்குவது வேறு விஷயம், அது அடுத்தவர் பங்கை எடுப்பது.

இதெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவதில் ஒரு பகுதியை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, டாலராகவே வைத்திருங்கள். ஒரே நாளில் மாற்றாமல் 12 மாதத் தவணையாக. வருமான வரிக் கணக்கில் மறைக்காமல் காட்டுங்கள். இங்கேதான் பலரும் கால் வழுக்குகிறார்கள்: உள்நாட்டு வங்கியில் உள்ள டாலர் கணக்கு என்பது டாலர் அல்ல, டாலர் தருகிறேன் என்று அந்த வங்கி கொடுத்த வாக்கு. அர்ஜென்டினாவில் ஒரு பெசோ ஒரு டாலர் என்றிருந்த காலத்தில் வங்கியில் டாலராகப் போட்டவர்களுக்கு, 2002இல் டாலருக்கு 1.40 பெசோ என்று கணக்கு மாற்றப்பட்டது. சில மாதங்களில் சந்தையில் டாலர் 3 பெசோவைத் தாண்டியது. லெபனானில் 2019 அக்டோபருக்குப் பிறகு டாலர் வைப்புகள் வங்கிக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. உள்நாட்டு நாணயத்தில், மோசமான விகிதத்தில்தான் பெரும்பாலோர் எடுக்க முடிந்தது. வெளிநாட்டில் கணக்கு வைக்க உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தந்தால் அதுவே உண்மையான காப்பு. இடம் தராவிட்டால் வாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் கடனை அடையுங்கள்.

உங்கள் குற்ற உணர்வுக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை, நாட்டின் கணக்கில் சேவை ஏற்றுமதி மாதிரிதான். வங்கி வழியாக நீங்கள் மாற்றும் ஒவ்வொரு டாலரும் நாட்டின் அந்நியச் செலாவணி வரத்தில் சேர்கிறது. இலங்கைக்கு வெளிநாட்டு உழைப்பாளர்கள் வங்கி வழியே அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டாலர்; 2022இல் 380 கோடிக்கும் கீழே. அதிகாரப்பூர்வ விலையும் வெளிவிலையும் விலகியபோது பெரும் பகுதி வேறு வழியில் போயிற்று. நாடு கெட வேண்டும் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நல்ல விலை கிடைத்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அந்தச் சபலம் வரும். மறைமுக வழியில் வந்த பணத்துக்கு ஆதாரம் இருக்காது, பின்னால் வீட்டுக் கடனோ விசாவோ கேட்கும்போது வருமானத்தை நிரூபிக்க முடியாது, சட்டம் வேறு துரத்தும். உள்ளுக்குள் வரும் திருப்தியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அந்த நாளில் பணம் எந்த வழியில் வருகிறது என்பதில்தான் நீங்கள் நாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்பது இருக்கிறது. தென்கொரியாவில் 1998இல் நாட்டின் வெளிக்கடனை அடைக்க மக்கள் தங்கள் நகைகளைக் கொண்டுவந்து கொடுத்து 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. நெகிழ வைப்பதுதான். ஆனால் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனை 2001இலேயே அடைக்க முடிந்ததற்குப் பெரிய காரணம் ஏற்றுமதி மீண்டது. உங்களிடம் யாரும் நகை கேட்கவில்லை.

கிளம்புவது பற்றி இப்போது முடிவு எடுக்க வேண்டாம். முடிவு எடுக்க முடிகிற நிலையில் மட்டும் இருங்கள். கடவுச்சீட்டுகள் காலாவதியாக ஒரு வருடத்துக்கு மேல் இருக்கட்டும். பட்டச் சான்றிதழ், திருமணச் சான்று, பணி அனுபவக் கடிதம் மூன்றுக்கும் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். இவை நெருக்கடி வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும், எல்லோரும் அதே வரிசையில் நிற்பதால். மொழித் தேர்வை இப்போதே எழுத வேண்டாம். அந்த மதிப்பெண் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். மனைவியின் படிப்புக்குப் போகும் இடத்தில் தனி உரிமம் வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு சம்பளக் குடும்பம் ஒரு சம்பளத்தில் போய் இறங்குவதுதான் புலம்பெயர்வில் அதிகம் இடறும் இடம். பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பெயரும் தொகையும் எழுத முடியாவிட்டால், அந்தத் திட்டம் இன்னும் திட்டமாகவில்லை.

கடைசியாக, அப்பா. நாட்டைப் பற்றி அவரிடம் இனி ஜெயிக்க முயலாதீர்கள். நீங்கள் சொன்னது பலித்தால் அவருடைய ஓய்வூதியம்தான் கரையும். அந்த நேரத்தில் அவர் உங்களிடம் உதவி கேட்கத் தயங்குவார், நீங்கள் "அப்பவே சொன்னேன்" என்பீர்கள் என்று பயந்து. ஒருநாள் மாலை அவருடைய வங்கிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த வைப்பு எப்போது முதிர்கிறது, எந்த வங்கியில் காப்பீட்டு வரம்பைத் தாண்டுகிறது, ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா ஏறாதா என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஐந்து வருட வைப்பு ஒன்று முதிர்ந்தால் முழுவதையும் திரும்ப ஐந்து வருடத்துக்குப் போடாமல், 6 மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். வட்டி ஏறினால் அவரும் அதில் ஏறிக்கொள்ளலாம். அம்மாவின் பெயர் நியமனதாரராக இல்லாத கணக்கு ஏதாவது இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.